நாற்பத்தொன்றாம் கட்டையும் குட்டிக் கங்கும்

"இன்னொரு வாட்டி வாசிடே. மென்னு முழுங்காம வாசி" என்றார் டொமிட்டிலா.

ஜெபராஜ் நான்காவது முறையாக அறிக்கையின் பதினேழாம் பக்கத்தை வாசித்தான். "மேட்டில் அரிய பறவை எதுவும் இல்லை. உள்ளூர்ப் பெண் ஒருத்தி வண்டைப் பார்த்துவிட்டுப் பறவை என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்."

"ஒருத்தி. பேரு கூட இல்ல. ரெண்டு நாளு மூணு வேளையும் என் கையால தின்னுட்டு, ஒருத்தியாம்."

ஈக்வடார் நாட்டில், ஒரு மலைக்காட்டின் அடிவாரத்து விடுதிச் சமையலறையில் இது நடந்தது. டொமிட்டிலா அங்கே சமைப்பவர். சுரங்கக் கம்பெனிக்காக அந்த அறிக்கையை எழுதிய நிபுணர் மேட்டுக்கு ஏறவே இல்லை. விடுதி வராந்தாவில் இரண்டு நாள் சீட்டாடினார். டொமிட்டிலா வைத்த சூப்பைக் குடித்தார். டொமிட்டிலா தன் செல்போனில் எடுத்து வைத்திருந்த பறவை வீடியோவை ஒரே ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். வியாழக்கிழமை மாவட்ட அலுவலகத்தில் விசாரணை. அதற்குள் பறவை இருப்பதற்கு யாரும் ஆதாரம் காட்டாவிட்டால், கம்பெனி மேட்டைச் சீவிச் சாலை போடும். இன்று செவ்வாய். எழுதுகிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது, டொமிட்டிலாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர் பேசியது ஸ்பானிஷ். ஜெபராஜ் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது தென்னமெரிக்கத் துறைமுகங்களில் அந்த மொழியைக் கற்றவன். எதையும் தன் ஊர்த் தமிழில்தான் மாற்றிச் சொல்வான். ஆகவே இந்தக் கதையில் டொமிட்டிலா தூத்துக்குடித் தமிழ் பேசுவார். யாரும் குழம்ப வேண்டாம்.

மேசையின் மறுபக்கம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள் கோமதி. சென்னையில் ஆறு வருடம் பால் தெறிப்பதையும் பிஸ்கட் உடைவதையும் விளம்பரங்களுக்காக ஸ்லோமோஷனில் எடுத்துச் சலித்துப் போனவள். ஓசனிச்சிட்டுகளைப் படமெடுக்கவென்று ஜெபராஜையும் கூட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருந்தாள். ஹம்மிங்பேர்டு என்று டிவியில் பார்ப்போமே, பூவின் முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் பறவை, அதுதான் ஓசனிச்சிட்டு. அடிவாரத்தில் எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை விமானம்.

அவள் தலை குனிந்ததற்குக் காரணம் இருந்தது. வந்த முதல் வாரமே டொமிட்டிலா அந்த வீடியோவை அவளிடமும் காட்டியிருந்தார். பூவின் முன்னால் ஒரு பழுப்புத் தீற்றல், கூடவே ஒரு ரீங்காரம். கோமதியும் சிரித்துக்கொண்டே "இது வண்டுதான்க்கா" என்றாள். சொன்னதோடு விடாமல் தன் ஷூட்டிங் நோட்டில் 'டொமிட்டிலா அக்கா வீடியோ: வண்டு. தேவையில்லை' என்று எழுதியும் வைத்தாள்.

"நீயும் அந்த ஆளு மாதிரிதான சொன்ன?" என்று டொமிட்டிலா இப்போது கேட்டார்.

"ஆமாக்கா. தப்புதான்." கோமதி எழுந்தாள். "சாதாக் கேமராவுல அது என்னைக்கும் வண்டு மாதிரிதான் தெரியும். என் கேமரா நொடிக்கு ஆயிரம் படம் எடுக்கும். மேட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?"

"எனக்கு ஆறு மணி நேரம். உன் நடைக்கு எட்டு."

"அப்ப இப்பவே கெளம்பலாம்."

வெட்டுக்கத்தியோடு டொமிட்டிலா முன்னால் போனார். கோமதி முதுகில் கேமரா. ஜெபராஜ் தோளில் அதன் முக்காலியும் இரண்டு பேட்டரிகளும். சேறு முழங்கால்வரை இழுத்தது. மூங்கில் புதரைப் பிளந்து, பாசி படிந்த வேர்களைப் பற்றி ஏறி, நண்பகலில் ஒரு பள்ளத்தாக்கின் விளிம்புக்கு வந்தார்கள். குறுக்கே இரும்புக் கம்பி கட்டியிருந்தது. அதில் ஆள் உட்கார்ந்து போகும் கூடை ஒன்று தொங்கியது. கீழே ஆறு இரைந்தது.

கூடையில் புதுப் பூட்டு. பக்கத்தில் கம்பெனியின் பலகை: 'அனுமதியின்றிக் கடக்கக் கூடாது.'

டொமிட்டிலாவின் முகம் சிவந்துவிட்டது. "இந்தக் கம்பிய இழுத்துக் கட்டுனது எங்க அப்பா. ஊருச் சனம் அக்கரைக்குப் போயி உருளக்கெழங்கு போடதுக்காகக் கட்டுனாரு. இதுல பூட்டு போட இவனுவ யாரு?"

ஜெபராஜ் ஒரு கல்லைத் தூக்கினான். "ஒரு போடு போட்டா தெறிச்சிரும்க்கா."

"வேண்டாம்டே. 'ஒருத்தி பூட்ட ஒடச்சா'ன்னு அதையும் அறிக்கையில எழுதுவானுவ. ஆத்துல எறங்குவோம்."

இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர், எலும்புவரை குளிர். கோமதி கேமராவைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். நடு ஆற்றில் ஜெபராஜின் காலடியில் கல் புரண்டது. அவன் முங்கி எழுந்தபோது முக்காலி கையில் இருந்தது, பேட்டரிப் பையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கரையேறிச் சோதித்தான். ஒரு பேட்டரி செத்துவிட்டது. இன்னொன்று ரப்பர் உறைக்குள் இருந்ததால் பிழைத்தது.

"இது எவ்வளவு நேரம் தாங்கும்ணே?"

"முப்பது நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூடக் கேக்காத தங்கச்சி."

அன்று ஒரு மாட்டுக்காரர் குடிசையில் தங்கி, புதன் காலையில் மேட்டில் ஏறினார்கள். நிபுணர் வராவிட்டாலும் கம்பெனியின் அளவைக்காரர்கள் வந்து போயிருந்தார்கள். மேடு நெடுக, சாலைக்கு அடையாளமாக இடுப்புயரக் கட்டைகள் நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தலையில் சிவப்புப் பெயின்ட், அதன் கீழே ஓர் எண். ஒரு கட்டையின் பக்கத்தில் இருந்த செம்பூச்செடியை டொமிட்டிலா காட்டினார்.

"இது வேண்டாம்க்கா, கட்டை அசிங்கமா ஃபிரேம்ல விழுது. அந்தப் பக்கம் வேற செடி இருக்கு."

"இதே செடிதான். கட்டை விழட்டும்."

ஒரு முறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது போதும் என்று கோமதி கேமராவை முக்காலியில் ஏற்றினாள். பூ, கட்டை இரண்டும் ஃபிரேமுக்குள் வந்தன. பிறகு கேமராவின் குணத்தை இருவருக்கும் விளக்கினாள்.

"இதுக்குக் கடைசி நாலு நொடி மட்டுந்தான் ஞாபகம் இருக்கும். பழசை மறந்துட்டே புதுசைப் பாத்துட்டு இருக்கும். பட்டனை அமுக்கினா, அமுக்கறதுக்கு முன்னால போன நாலு நொடியைப் பிடிச்சு வச்சுக்கும். அதனால பறவை வந்ததும் அமுக்கக் கூடாது. காரியம் முடிஞ்ச பிறகுதான் அமுக்கணும். அப்புறம் அதை கார்டுல எழுத ஒன்பது நிமிஷம் ஆகும். நடுவுல பேட்டரி போச்சுன்னா எழுதாதது அவ்வளவும் போச்சு."

அவளுடைய இரண்டு கைகளும் லென்ஸில் இருந்தாக வேண்டும். பட்டன் ஜெபராஜ் கைக்குப் போனது.

மேகம் விலகாமல் அடம்பிடித்தது. இந்தக் கேமராவுக்கு வெயில் வேண்டும். ஒன்பது மணிக்கு வெளிச்சம் விழுந்தது. டொமிட்டிலா விரலை உயர்த்தினார். ரீங்காரம் கேட்டது. கோமதி கேமராவை முடுக்கிப் பூவில் கண் வைத்தாள். காத்திருந்தார்கள். பழுப்புப் புள்ளி ஒன்று பூவுக்கு வந்தது.

ஜெபராஜ் பட்டனை அமுக்கிவிட்டான்.

நான்கு நொடியும் வெறும் பூ. பறவை சாவகாசமாகக் குடித்துவிட்டுப் போனது.

"அண்ணே, முடிஞ்ச பிறகுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"கப்பல்ல அலாரம் அடிச்ச ஒடனே சுவிட்சப் போட்டுப் பழகுன கைம்மா. அதுவா அமுக்கிட்டு."

டொமிட்டிலா கையை நீட்டினார். "இங்க குடு. அது எப்பம் வரும், எப்பம் போவும்னு நாப்பது வருசமாப் பாக்கேன்."

அடுத்த முறை அது வந்தபோது பேட்டரியில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. ஆண் பறவை. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். தொண்டையில் வெயில் பட்டதும் ஊதிவிட்ட கங்கு மாதிரி சிவந்தது. ஊரில் அதற்குக் குட்டிக் கங்கு என்று பெயர் வைத்ததில் என்ன தப்பு? வண்டுக்கு எங்கே இருக்கிறது இந்தத் தொண்டை?

குடித்தது. ஒரு நொடி, இரண்டு நொடி. டொமிட்டிலாவின் விரல் அசையவில்லை. மூன்று, நான்கு, ஐந்து. முதலில் குடித்ததைக் கேமரா மறக்கத் தொடங்கிவிட்டது. அமுக்குங்கக்கா, அமுக்குங்கக்கா என்று கோமதியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால் பறவை பறந்துவிடும். அது பூவை விட்டுப் பின்வாங்கியது, திரும்பியது, கட்டையின் தலையில் போய் உட்கார்ந்தது. அப்போதுதான் டொமிட்டிலா அமுக்கினார்.

"ஏன்க்கா இவ்வளவு நேரம்?"

"குடிச்ச பொறவு அது இந்தக் கட்டையிலதான் உக்காரும். ஒரு மாசமாப் பாக்கேன். நம்பரு விழுந்திருக்கா பாரு."

கோமதி கட்டையைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. எண் ஃபிரேமுக்குள்ளேயே இருந்தது.

"பேட்டரி ஏழு நிமிஷந்தான் இருக்கு" என்று ஜெபராஜ் குறுக்கிட்டான். "எழுத ஒம்பது வேணும். தெரைய அணை. உள்ள ஓடுத ஃபேனையும் நிப்பாட்டு."

"ஃபேன் நின்னா கேமரா கொதிச்சுடும்ணே."

"அப்ப விசிறு."

டொமிட்டிலா தொப்பியைக் கழற்றி விசிறினார். கோமதி ஷூட்டிங் நோட்டால் விசிறினாள். திரை இருட்டு. ஒரு பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. எட்டு நிமிடம் தாண்டி எப்போதோ அதுவும் அணைந்தது. எழுதி முடித்து அணைந்ததா, பாதியில் செத்ததா, யாருக்கும் தெரியாது. படம் முன்னாலிருந்துதான் எழுதப்படும். அறுந்திருந்தால் போனது கடைசிப் பகுதி, அதாவது கட்டை.

வியாழக்கிழமை காலை, சேறும் சகதியுமாக மாவட்ட அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். நிபுணர் முன் வரிசையில் இருந்தார். அவர் பூட்ஸில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. விசாரணை அதிகாரி, கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், கார்டை வாங்கி டிவியில் போடச் சொன்னார்.

பூ தெரிந்தது. அதன் முன்னால் பறவை. சாதாக் கேமராவில் தீற்றலாக இருந்த சிறகு இப்போது இறகு இறகாக முன்னே வந்து, புரண்டு, பின்னே போனது. ஊசி அலகு. அதிலிருந்து நீளும் நூல் நாக்கு. சிவந்த தொண்டை. அறையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

நிபுணர் தொண்டையைச் செருமினார். "அழகான பறவைதான். ஆனால் இதை எங்கே எடுத்தார்கள் என்பதற்கு என்ன சாட்சி? இந்த நாட்டில் வேறு மலையே இல்லையா?" அவருக்குத் தன் ஊர்த் தமிழைக் கொடுக்க ஜெபராஜ் மறுத்துவிட்டான்.

"பொறுங்க" என்றார் டொமிட்டிலா. "என்ன அவசரம், சீட்டு வெளையாடப் போணுமா?"

நான்கு நொடி திரையில் இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். கோமதி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு நிமிடம் ஆனபோது பறவை பூவை விட்டு விலகியது. இரண்டேகாலில் ஒருக்களித்துத் திரும்பியது. சிவப்புப் பெயின்ட் தெரிந்தது. பறவை சின்னக் கால்களை நீட்டி, கட்டையின் தலையைத் தொட்டு, சிறகை மடித்து உட்கார்ந்தது. அதன் காலடியில் நாற்பத்தொன்று. அத்தோடு திரை கறுத்துவிட்டது. எழுதாமல் போனது ஒரு சிமிட்டு நேரப் படம்தான்.

அதிகாரி கம்பெனியின் சொந்த வரைபடத்தைப் புரட்டினார். "நாற்பத்தொன்று, மேட்டின் உச்சி. இது உங்கள் கட்டை." மூக்குக் கண்ணாடிக்கு மேலே நிபுணரைப் பார்த்தார். "வேலையை நிறுத்துங்கள். மேட்டைப் புதிதாக ஆராய வேண்டும். இந்த அம்மாளைக் கூட வைத்துக்கொண்டு. இந்த முறை மேலே ஏறிப் போய்."

எல்லோரும் எழுந்தார்கள். டொமிட்டிலா எழவில்லை. மடித்து வைத்திருந்த பதினேழாம் பக்கத்தை நிபுணர் முன்னால் விரித்தார்.

"இத அடிங்க."

"புதிய அறிக்கை வரும்போது இது தானாகவே மாறிவிடும்."

"அது வரும்போ வரட்டும். நீங்க எழுதுன வரிய நீங்களே அடிங்க, நான் பாக்கணும். 'ஒருத்தி'ன்னு இருக்க எடத்துல பேர எழுதுங்க."

தன்னிடம் பேனா இல்லை என்றார் நிபுணர். கோமதி தன் பேனாவை நீட்டினாள். அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் குனிந்து வரியை அடித்தார். டொமிட்டிலா ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, பள்ளிப் பிள்ளை மாதிரி அவர் பெயரை எழுதினார்.

கோமதி பேனாவைத் திரும்ப வாங்கினாள். விசிறி விசிறிக் கசங்கிப்போன தன் நோட்டைத் திறந்து, முதல் வாரத்துப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். அந்த 'வண்டு', 'தேவையில்லை' இரண்டையும் அடித்துவிட்டு, மேலே 'குட்டிக் கங்கு' என்று எழுதினாள்.

தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் எதை அடிக்கிறாள் என்று டொமிட்டிலாவுக்குப் புரிந்துவிட்டது. எட்டிப் பார்த்தார்.

"நல்லா அழுத்தி அடி" என்றார்.