முப்பத்தொரு வெற்றுக் குழிகள்

1983, மார்ச் 24. காலை 6.40.

காரைக்கால்மேடு கடற்கரையில், கம்பி வேலிக்குள், முப்பத்தொரு குழிகள் தோண்டிக் கிடந்தன. அங்கே புதைத்துக் காத்துவந்த ஆமை முட்டைகள் அத்தனையும் களவு போய்விட்டதாகக் கணக்கெடுப்பு எழுத்தர் பஞ்சநாதன் புகார் கொடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் சண்முகசுந்தரம் மூன்று நாள் பந்தோபஸ்து முடிந்து தூக்கமில்லாமல் வந்திருந்தார். கொலை, கொள்ளை போதாதென்று முட்டை வேறா என்று அலுத்துக்கொண்டார்.

விஷயம் சின்னதில்லை. அழிந்துவரும் உயிர்களுக்காக நாட்டில் எந்தெந்த இடங்களை முதலில் காப்பது என்று தில்லியில் பட்டியல் தயாராகிறது. கிழக்குக் கரை முழுவதற்கும் அதில் ஓர் இடம்தான். முடிவு செய்ய அன்னபூரணி என்ற அதிகாரி பத்து மணிக்கு வருகிறார். பஞ்சநாதனின் பதிவேட்டில் முப்பத்தேழு ஆமைக் கூடுகள். அதை நம்பித்தான் காரைக்கால்மேட்டின் பெயர் முன்னால் நின்றது.

7.30. வேலியைக் காவல் காத்த மீனவர் கருப்பையனின் வலைக் குவியலுக்கடியில் முட்டை ஓடுகள் அகப்பட்டன. கான்ஸ்டபிள் மிதித்ததும் நொறுங்கின. ஒரு சில்லு சண்முகசுந்தரத்தின் விரலைக் கீறியது. கருப்பையனை ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். வழக்கு நின்றால் சிறைதான். வாசலில் அவர் மனைவி ராசாத்தி நின்றாள்.

"நான் எடுக்கலைங்க. வேலிக்குள்ள நான் புதைச்சது ஆறு கூடுதாங்க. எல்லாம் பொரிச்சு, குஞ்சுங்க போன வாரமே கடலுக்குப் போயிட்டுதுங்க. எழுத்தர் ஐயாகிட்ட அப்பவே சொன்னேங்க."

"முப்பத்தேழுன்னு எழுதியிருக்காரே?"

"அத அவரைத்தாங்க கேக்கணும்."

8.20. சண்முகசுந்தரம் மறுபடி வேலிக்குப் போனார். ஒரு மூலையில், பொரிந்த கூடுகளின் ஓடுகள் காய்ந்த தோலாகச் சுருண்டு கிடந்தன. ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

9.10. பஞ்சநாதன் வயல்புறத்து விழிதியூர்க்காரர். மீன் வாடை ஒத்துக்கொள்ளாது என்று கரைப்பக்கம் அதிகம் வருவதில்லை. கருப்பையன் வாய்வழியாகச் சொல்வதை எழுதிக்கொள்வார். சண்முகசுந்தரம் முதலில் ஊர்க்கதை கேட்டார். சம்பா நன்றாக விளைந்ததாம், அறுத்த வயலில் இப்போது வாத்து மேய்கிறதாம்.

"ஆமை முட்டை எப்படி உடையும்?"

"கோழி முட்டை மாதிரிதான் சார். தட்டினா உடையும்."

"கையில பிடிச்சிருக்கீங்களா?"

"எவ்வளவோ தடவை" என்றார் பஞ்சநாதன்.

10.00. அன்னபூரணியின் ஜீப் ஸ்டேஷனுக்கு வந்தது. திருட்டு என்று எழுதினால் ஆபத்திலிருக்கும் இடம் என்று ஊருக்குப் பட்டியலில் இடம் உறுதி. கருப்பையன் உள்ளே போவார். உண்மையை எழுதினால் கருப்பையன் தப்புவார், கரை போய்விடும். இது தன் தலையில் வந்து விழுந்ததே என்று சண்முகசுந்தரத்துக்கு எரிச்சலாக இருந்தது. வேலியில் எடுத்த ஓடு, வலைக்கடியில் கிடந்த ஓடு இரண்டையும் அன்னபூரணிக்கு முன்னால் மேசைமேல் வைத்தார்.

"திருட்டே நடக்கலைங்கம்மா. ஆமை ஒரு முழக் குழிக்குள்ள நூறு முட்டையை மேலேருந்து போடுது. ஓடு உடையறதா இருந்தா ஒண்ணு மிஞ்சுமா? இது ஆமை ஓடு. தோல் மாதிரி, அமுக்கினாக் குழியும். கருப்பையன் வலைக்கடியில கிடந்தது இது. வாத்து முட்டை. கடல்ல பொழைக்கிற எவரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டாங்க. ஆமை முட்டையைத் தொட்டே பாக்காதவர்தான் இதைக் கொண்டாந்து போட்டிருக்கணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஞ்சநாதன் எழுந்தார். அதிகாரி எண்ணிப் பார்ப்பாரே என்று, இல்லாத முப்பத்தொரு கூடுகளுக்கும் குழி வெட்டியவர் அவரே. கருப்பையன் வாயைத் திறந்தால் ஆறு என்பது வெளிவந்துவிடும். அதனால்தான் பழியை அவர்மேல் போட்டார்.

"ஆறுன்னு எழுதினா யாரும்மா சீந்துவா? இந்தக் கரையைக் காப்பாத்தத்தான்..."

"அதுக்கு இவரு ஜெயிலுக்குப் போகணுமா?" என்றார் சண்முகசுந்தரம்.

ராசாத்தி கணவனை அழைத்துக்கொண்டு போனாள். பொய்க் கணக்கை வைத்து எதையும் சேர்க்க முடியாது என்று அன்னபூரணி பட்டியலில் ஊர்ப்பெயரை அடித்தார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு பஞ்சநாதனிடம் சொன்னார்:

"போன மாசம் மேற்குக் கரையில ஓர் இடத்தைச் சேர்த்தேன். அங்க இருந்தது நாலே கூடு. ஆறுன்னே எழுதியிருந்தா தாராளமாப் போதுமா இருந்திருக்கும்."

பஞ்சநாதன் அப்போதுதான் அழுதார்.