கேபிளின் மறுமுனை

படகைத் திருப்பும் சக்கரத்தை அரைச் சுற்று சுற்றியும் பின்னால் மோட்டார் அசையாமல் நின்றது. கொளஞ்சியப்பனுக்கு அது பிடிக்கவில்லை. மீன் குத்தகைக்காரரின் பழைய படகு. அவனோ பம்ப்செட் மெக்கானிக், படகைத் தொட்டதே கிடையாது.

வேறு வழியும் இல்லை. எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீட்டு மறியலில் கள்ளக்குறிச்சி சாலை நெடுக மரங்கள் விழுந்து கிடந்தன. அதில் இரண்டு புளியமரம் இவன் சாய்த்தது. சாய்த்துவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு வீடு வந்தவன். மறுநாளே மனைவி காசியம்மாளுக்கு நோவு எடுத்தது. உதிரம் நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அணைத் தண்ணீரைக் கடந்தால் அக்கரையில் மரம் விழாத வண்டிப்பாதை உண்டு. தம்பி பச்சமுத்து மாட்டுவண்டி பிடிக்கக் கரையோரமாக முன்னாலேயே ஓடியிருந்தான்.

சக்கரத்திலிருந்து பின்னால் ஓடும் கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனான். மோட்டாரோடு சேரும் இடத்தில் போல்ட்டு தேய்ந்து ஆடியது. கட்டுக்கம்பி சுற்றி இறுக்கினான். இப்போது மோட்டார் சொன்னபடி கேட்டது. காசியம்மாளை அதன் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து, தூறலுக்காகப் போர்வை போர்த்தினான்.

சாயங்காலம் மணி நாலுதான் இருக்கும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய மேகம் தண்ணீர்மேல் படுத்துக்கொண்டு இரண்டு கரையையும் மறைத்திருக்க, மண்ணெண்ணெய்ப் புகையும் ஈரச் சாக்கும் உதிர வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையைப் பிடிக்க, மோட்டாரின் ஒரே சீரான சத்தத்தில் அவன் நடு அணைக்கு வந்தபோது சக்கரம் மறுபடியும் லேசாகிப்போனது.

"காசி, மோட்டாரு திரும்புதா பாரு."

"திரும்புதுங்க."

வலப்பக்கம் ஒடித்தான். "இப்போ?"

"திரும்புதுங்க."

படகு திரும்பவில்லை. மலைப்பக்கமாக, மேகத்துக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. பார்க்காமலே சொல்கிறாள் என்று அவனுக்குக் கோபம் வந்தது. பாவம், அவள் நிலைமை அப்படி என்று கோபத்தை விழுங்கினான்.

"நோவு இன்னா, கம்மியா கீதா?"

"இல்லீங்க. நின்னுபோச்சி."

அந்த முட்டாளுக்குச் சந்தோஷம் வந்தது.

மோட்டாரை நிறுத்தத்தான் பின்னால் போனான். நிறுத்தினான். கட்டுக்கம்பி அறுந்து கிடந்தது. கேபிள் மோட்டாரில் இல்லை. இவ்வளவு நேரம் அவன் வெறும் சக்கரத்தைத்தான் சுற்றியிருக்கிறான்.

"திரும்புதுன்னியேடி."

காசியம்மாள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த கண்களில் தூறல் விழுந்தது. அவள் இமைக்கவில்லை. கன்னத்தைத் தொட்டான். ஜில்லென்றிருந்தது. விரல்கள் விறைத்திருந்தன. அவள் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

அப்படியென்றால் பேசியது யார்?

முன்னால் சக்கரம் கிரீச்சிட்டது. அங்கே யாரும் இல்லை. சக்கரம் தானாகச் சுற்றியது.

யாரோ கேபிளை இழுக்கிறார்கள். அவன் குனிந்து அதை விரலால் தடவிக்கொண்டே வந்தான். படகின் ஓரம். சாக்கு. போர்வை. போர்வைக்கு உள்ளே.

பிடித்து இழுத்தான். உள்ளிருந்து எதிர்த்து இழுத்தது. அவன் பலம் போதவில்லை.

போர்வை விளிம்பில் ஐந்து விரல்கள் வந்தன. நீலம் பாரித்தவை. நெல்லைவிடச் சின்ன நகங்கள். கேபிளைப் பற்றி இன்னும் ஒரு பிடி உள்ளே இழுத்துக்கொண்டன.