கடலில் ஒன்றும் இல்லை

ஆள் இல்லாமல் பறந்து தேடும் பதினெட்டாவது ஆளிலியும் திரும்பி வந்தது. வால் கொக்கி மேல்தளத்தின் பிடிகம்பியில் மாட்டியதும், வந்த வேகமெல்லாம் இரண்டு நொடியில் அடங்கி விமானம் ஒருமுறை ஆடி நின்றது. அதே கணத்தில் 'நெய்தல்' கப்பலின் கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒரு வரி வந்தது.

"கடலில் ஒன்றும் இல்லை."

ஆலா அணியின் தலைவர் கமாண்டர் இன்னாசிமுத்து அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய விமானி பொன்னுரங்கம் கடலில் விழுந்து இது மூன்றாம் நாள். மிதவையில் இருக்கும் குடிநீர் இரண்டு நாளைக்குத்தான் வரும். இன்று சூரியன் மறைந்ததும் தேடலை நிறுத்திவிட்டு மேற்கே திரும்பும்படி கப்பலுக்கு உத்தரவு வந்துவிட்டது.

ஆலா அணி விமானந்தாங்கிக் கப்பலின் போர் விமான அணி. கப்பலுக்கு இருநூறு மைல் முன்னால் பறந்து, கப்பலை நோக்கி வரும் ஆபத்தை அங்கேயே நிறுத்துவது அதன் வேலை. முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்த வேலையை மனிதர்கள் செய்தார்கள். ஆறு ஆண்டுகளாக மரபறிவி என்ற கணினி அறிவு செய்கிறது.

மரபறிவிக்கு யாரும் விதிகளைச் சொல்லித் தரவில்லை. அணியின் விமானிகள் பறந்த ஒவ்வொரு பறப்பின் படங்களையும், அவர்களுடைய கைப்பிடி அசைவுகளையும், பறப்பேட்டில் அவர்கள் எழுதிய குறிப்புகளையும் அதற்குக் கொடுத்தார்கள். ஓர் ஆலா விமானி என்ன செய்வானோ அதைச் செய் என்றார்கள். அது ஆள் இல்லாத விமானங்களை அப்படியே பறக்கவிட்டது. பழைய விமானிகள் அதை "நம்ம பிள்ளை" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். மாதம் ஒருமுறை, பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க, ஒரு மனிதர் மட்டும் பறப்பார். இந்த மாதம் பொன்னுரங்கத்தின் முறை. எஞ்சினில் தீப்பிடித்து அவன் குதித்ததுதான் கடைசியாகத் தெரிந்த செய்தி. இருப்பிடம் சொல்லும் கருவியும் ஊமையாகிவிட்டது.

"சார், ஒரு நிமிஷம் இதைப் பாருங்க" என்றாள் லெப்டினன்ட் வஹிதா. மரபறிவியைக் கவனித்துக்கொள்ளும் பொறியாளர் அவள். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். "பதினெட்டுப் பறப்புல ஏழுல படக்கருவி நடுவுல நின்னு போயிருக்கு. நான் கோளாறுன்னு நெனச்சு மூணு கருவியை மாத்திட்டேன். திரும்பவும் நிக்குது."

"எவ்வளவு நேரம் நிக்குது?"

"நாலு நிமிஷம். ஏழு தடவையும் சரியா நாலு நிமிஷம்."

இன்னாசிமுத்து திரையருகே குனிந்தார். அந்த நான்கு நிமிடம் அவருக்குத் தெரியும். கீழே இறங்க ஒரு நிமிடம், சுற்றி வர இரண்டு, மேலேற ஒன்று.

அணி தொடங்கிய மூன்றாம் ஆண்டில் ஒரு விமானி, கவிழ்ந்த படகிலிருந்து கையசைத்த மீனவர்களைப் பார்த்துவிட்டு, காவல் பாதையை விட்டு விலகி இறங்கினான். அதை ஏட்டில் உண்மையாக எழுதினான். சின்னப் படகு எதிரியின் பொறியாக இருக்கலாம், கப்பல் இருக்கும் இடம் தெரிந்துவிடலாம் என்று சொல்லி அவனை மறுபடி பறக்கவிடவில்லை. அதற்குப் பிறகு ஆலா விமானிகள் இறங்குவதை நிறுத்தவில்லை, எழுதுவதைத்தான் நிறுத்தினார்கள். யாராவது கையசைத்தால் படக்கருவியை அணைப்பார்கள். தாழ இறங்கி, பார்த்துவிட்டோம் என்று சொல்லும் விதமாக இறக்கைகளை இரண்டுமுறை ஆட்டுவார்கள். ஏட்டில் "கடலில் ஒன்றும் இல்லை" என்று எழுதுவார்கள். பிறகு தேநீர் நேரத்தில் ஹெலிகாப்டர்காரர்களிடம் போய் வாய் வார்த்தையாக இடத்தைச் சொல்வார்கள். பயிற்சி என்ற பெயரில் ஒரு ஹெலிகாப்டர் தண்ணீரோடும் கயிறோடும் கிளம்பும்.

எத்தனை உயிர்கள் என்று யாரும் எண்ணவில்லை. செய்ததைச் சொல்லிக்கொள்வது அந்த அணியில் வெட்கம்.

"வஹிதா, அந்த நாலு நிமிஷத்துல கைப்பிடி அசைவு பதிவாகியிருக்கா?"

அவள் தேடினாள். "பதிவாகியிருக்கு சார். இறங்குது. சுத்துது. அப்புறம்... இறக்கையை ஆட்டுது சார். ரெண்டு தடவை. எதுக்கு ஆட்டுது?"

அவர் சொன்னார். கேட்டு முடித்ததும் அவள் திரையிலிருந்து திரும்பினாள்.

"அப்ப டீ குடிக்கும்போது சொன்னது?"

"அது எந்தப் பதிவுலயும் இல்லையேம்மா."

ஏழு இடங்களையும் வரைபடத்தில் வைத்தாள். நீரோட்டத்தோடு வளைந்து போகும் ஒரு கோடு கிடைத்தது. இன்னாசிமுத்து படிகளில் ஓடினார். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது.

ஹெலிகாப்டர் அணித் தலைவர் வீரபத்ரன் கையில் தேநீர்க் குவளையோடு எழுந்தார். "வாடா இன்னாசி. டீ குடிக்க வந்தியா, வேலை குடுக்க வந்தியா?" அவர்களுக்குள் அது இருபது வருடக் கேலி. ஆறு வருடமாக அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"வேலை" என்றார் இன்னாசிமுத்து. கையிலிருந்த தாளை நீட்டினார்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பொன்னுரங்கத்தைத் தூக்கி வந்தார்கள். உயிர் இருந்தது. உதடுகள் வெடித்து, கண்கள் வீங்கி மூடியிருந்தன. ஈரத்துணியால் இன்னாசிமுத்து அவன் வாயை நனைத்தார்.

"வந்துச்சு அண்ணே" என்றான். "முதல் நாளே வந்துச்சு. இறக்கையை ஆட்டிச்சு. சரி, பாத்துட்டாங்க, ஹெலிகாப்டர் வந்துரும்னு தண்ணி எல்லாத்தையும் குடிச்சிட்டேன். சாயங்காலம் ஒரு சரக்குக் கப்பல் தூரத்துல போச்சு. வெளிச்சக் குண்டு கையில இருந்துச்சு. அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன். நம்ம ஆளுங்கதான் வராங்களேன்னு..."

"பேசாதடா."

"ஏழு தடவை ஆட்டிச்சு அண்ணே. ஏன் வரல?"

இன்னாசிமுத்து துணியை மறுபடி நனைத்தார்.

கட்டுப்பாட்டு அறைக்கு அவர் திரும்பியபோது தலைமையகத்தின் திருத்தம் வந்திருந்தது. கடற்படையின் ஆரஞ்சு நிற மிதவையைக் கண்டால் உடனே தெரிவிக்கும்படி மரபறிவிக்குக் கற்பிக்க வேண்டும். வேறு மாற்றம் தேவையில்லை. வஹிதா அதைப் படித்துவிட்டு, "மீனவங்க மர வள்ளத்துக்கு என்ன நிறம் சார்?" என்று கேட்டாள்.

அவள் மேசையில் ஒரு நீளமான பட்டியல் இருந்தது. அவர் கேட்காமலே எடுத்திருந்தாள். ஆறு ஆண்டுகளில் மரபறிவி படக்கருவியை அணைத்த இடங்கள். பொன்னுரங்கத்தின் ஏழையும் தவிர்த்து, நானூற்றுப் பதினாறு. ஒவ்வொன்றிலும் யாரோ கையசைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் விமானம் இறங்கி, சுற்றி, பார்த்துவிட்டேன் என்று இறக்கையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறது. அவர்கள் நன்றியோடு கும்பிட்டிருப்பார்கள். காத்திருந்திருப்பார்கள்.

ஒவ்வொரு பறப்பின் ஏட்டுத் தாளிலும் அணித் தலைவரின் கையெழுத்து இருந்தது. அவருடையதுதான்.

"கடைசி இது சார்" என்றாள் வஹிதா. "நேத்து மத்தியானம் மூணு பத்து. தேடப் போனது இல்ல, வழக்கமான காவலுக்குப் போன ஆளிலி. தெற்கே நாப்பது மைல்ல."

சூரியன் மறைய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வீரபத்ரன் எதுவும் கேட்காமல் கிளம்பினார். வழிகாட்ட ஓர் ஆளிலியும் போனது.

கவிழ்ந்து மிதந்த ஒரு மர வள்ளத்தை அவர்கள் கண்டார்கள். அதில் இருந்தவர்கள் துடுப்பு ஒன்றைப் பலகைகளுக்கிடையே செருகி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அதன் நுனியில் நீலக் கட்டம் போட்ட லுங்கி ஒன்று கட்டியிருந்தது, காற்றில் அசைந்துகொண்டிருந்தது. வீரபத்ரன் வெளிச்சம் இருக்கும்வரை சுற்றினார். யாரும் இல்லை.

ஆளிலி திரும்பி வந்து பிடிகம்பியில் நின்றது. இந்தமுறை படக்கருவி ஒரு நொடிகூட அணையவில்லை. கையசைக்க ஆள் இல்லை. திரையில் வரி வந்தது. வழக்கம்போல அணித் தலைவரின் கையெழுத்துக்காக ஏட்டுத் தாளும் அச்சாகி வந்தது.

"கடலில் ஒன்றும் இல்லை."

அது உண்மையாக இருந்தது.

இன்னாசிமுத்து பேனாவைத் திறந்தார். சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அந்த வரிக்குக் கீழே தெளிவாக எழுதினார்:

"நேற்று இருந்தார்கள். பார்த்தோம்."