கம்பிக்கு அந்தப் பக்கம்

பேருந்தில் போனால் நகரத்துக்குச் சீக்கிரம் போய்விடலாம் என்று தையல்காரி தலைபாடாக அடித்துக்கொண்டாள். தங்கை கேட்டால்தானே!

"வேலையில சேரப் போறேன். இன்னைக்காவது ஆத்தைப் பார்த்துக்கிட்டே போலாமே, அக்கா."

தாய் போன பிறகு தங்கையைத் தூக்கி வளர்த்தவள் இவள்தான். அந்தக் கொஞ்சலுக்கு மட்டும் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. பெட்டியும் தலையணையுமாக இருவரும் சுற்றுலாப் படகில் ஏறினார்கள்.

ஆறு வளையும் இடத்தில், நல்ல பகலிலேயே பனி இறங்கியது. இரு கரைகளும் மறைந்தன. ஊறிப்போன மரத்தின் வாடை மூக்கில் ஏறியது.

கூரையிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

"இடது பக்கம் பழைய செங்கல் சூளை. வலது பக்கம் படகு கட்டுற கொட்டகை."

இதமான ஆண் குரல்.

"ஒரு மண்ணும் தெரியல. கல்யாணத் தரகர் மாதிரி இல்லாததெல்லாம் இருக்குன்றாரு" என்று தையல்காரி சிரித்தாள்.

தங்கை சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியுதே, அக்கா."

தையல்காரி ஜன்னல் கண்ணாடியை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். வெறும் வெள்ளை. திரும்பியபோது பக்கத்து இருக்கை காலி.

"பின்பக்கம் வாங்க." குரல் தணிந்தது. "கம்பிக்கு அந்தப் பக்கம் இன்னும் அழகா இருக்கும்."

விழுந்தடித்து ஓடினாள்.

தங்கை ஒரு காலைக் கம்பிக்கு வெளியே போட்டிருந்தாள். யாரோ வழி சொல்வதைக் கேட்பதுபோலத் தண்ணீரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

தையல்காரி அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபக்கமிருந்தும் யாரோ இழுத்தார்கள்.

"விடுடா! எம்புள்ளைய விடு!"

பிடி விட்டது. இருவரும் பலகையில் விழுந்தார்கள்.

சத்தம் கேட்டுப் படகு ஊழியர் ஓடி வந்தார்.

"யாரு மைக்குல பேசினது? கூப்பிடுங்க அந்த ஆளை!" என்று கத்தினாள் தையல்காரி.

அவர் முகம் வெளுத்தது.

"மைக்கா? அதைக் கழட்டி ரொம்ப நாளாச்சும்மா." அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார். "பேசிட்டிருந்தவர் இதே இடத்துலதான் தண்ணியில விழுந்தாரு. உடம்புகூட கிடைக்கல."

நகரத்துப் படகுத்துறையில் வெயில் பளீரென்று அடித்தது. வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தங்கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி ஊர் திரும்பும் பேருந்தில் ஏறினாள் தையல்காரி. அக்காவின் தோளில் சாய்ந்த தங்கை அப்படியே தூங்கிப்போனாள். அந்தச் சூடான மூச்சு கழுத்தில் பட்ட பிறகுதான் அக்காவுக்கு உயிர் வந்தது.

பேருந்து ஆற்றுப் பாலத்தில் ஏறியது.

தோளில் கிடந்த தலை அசையவில்லை. கண்கள் மூடியேதான் இருந்தன. உதடுகள் மட்டும் பிரிந்தன.

"இடது பக்கம் ஆறு." இதமான ஆண் குரல். "கதவுப் பக்கம் வாங்க."

முன் இருக்கைக்காரர் எழுந்தார்.

அவருக்குப் பின்னால் இருந்த பெண்ணும் எழுந்தாள்.

தங்கையின் வாயைப் பொத்தக் கையைத் தூக்கினாள் தையல்காரி. அப்போதுதான் கவனித்தாள், தானும் எழுந்து நின்றுகொண்டிருப்பதை.