பழைய பேரும் பழைய பாஸ்வேர்டும்

புது மோடத்தில் ஐந்து விளக்குகள். நான்கு அசையாமல் பச்சையாக நின்றன. ஐந்தாவது மட்டும் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் யாராவது இணையத்தைப் பயன்படுத்தினால்தான் அந்த ஐந்தாவது துடிக்கும் என்று கேபிள்காரர் பீர் முஹம்மது போகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார். வீட்டில் இருந்தது வில்லியம் ஒருவர்தான். அவருடைய போன் அணைந்து சார்ஜில் கிடந்தது. டிவி இணையம் தெரியாத பழைய டிவி.

முப்பத்தோரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்திய மனிதர். காரணம் இல்லாமல் காரியம் இல்லை என்று எத்தனையோ பிள்ளைகளின் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தவர். எனவே குனிந்து, கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு, அந்த விளக்கையே பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது ஓசியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவர் ஒருவர். மகள் கரோல் டொரண்டோவில் இருக்கிறாள். மனைவி ஜூலியட் மந்தைவெளிப் பக்கத்துக் கல்லறையில் இரண்டு மாதமாகப் படுத்திருக்கிறாள்.

சாந்தோம் கோயிலின் மணி ஆறு அடித்து ஓய்ந்தது. பின்னால் கடலின் இரைச்சலும், தெருவில் மீன் பொரிக்கும் வாசனையும், மழைக்கு ஊறிய சுவரின் புழுக்கமும் ஜன்னல் வழியாக வந்து ஹாலில் தங்கின. விளக்கு துடித்தது. நின்றது. யாரோ பேசிவிட்டு மூச்சு வாங்குவது போல இருந்தது. மறுபடி துடித்தது.

அன்று மத்தியானம்தான் ரிச்சி தெருவுக்குப் போய், நாலு கடை ஏறி இறங்கி, மோடத்தை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பீர் முஹம்மது வந்து பழைய வாடகைப் பெட்டியைக் கழற்றி, மொட்டைமாடியிலிருந்து இறங்கும் கறுப்புக் கேபிளைப் புதுப் பெட்டியின் முதுகில் திருகினார். அதன் அடியில் ஒட்டியிருந்த நம்பரை ஆபீசுக்குப் போனில் படித்துச் சொன்னார்.

“போன வருசமே சொன்னேன்ல சார்? இந்த வாடகைப் பொட்டி இன்னிக்கோ நாளைக்கோன்னு கீது, சொந்தமா ஒண்ணு வாங்கிப் போட்டுக்கோங்கன்னு.”

“சொன்னீங்க.”

இரண்டு மாதத்துக்கு முன் அந்த வீட்டில் நடந்தது பீர் முஹம்மதுவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தார்.

“வைஃபைக்குப் பேரு இன்னா வெக்கலாம் சார்? பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே போட்டுருங்க. வூட்ல கீற அல்லாம் தானா வந்து புட்ச்சிக்கும். ஒண்ணொண்ணா போயி சொல்லிக்கினு இருக்க வாணாம்.”

ஜூலியட் எட்டு வருடத்துக்கு முன் வைத்த பேர், ஜூலியட் வைத்த பாஸ்வேர்டு. வில்லியம் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாக அடித்தார். கடைசி எழுத்தை அடித்ததும் பூட்டியிருந்த படுக்கையறைக்குள் ஏதோ ‘டிங்’ என்றது. பீர் முஹம்மது பேசிக்கொண்டே இருந்ததால் வில்லியம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அது ஞாபகம் வந்தது.

படுக்கையறையில் இருப்பது ஜூலியட்டின் டேப்லெட் ஒன்றுதான். கட்டிலின் கால்மாட்டில், ஸ்டாண்டில், அன்றைக்கு வைத்தது வைத்தபடி. அதற்குச் சார்ஜ் போட்டு இரண்டு மாதம் ஆகிறது.

அன்றைக்கு என்றால், செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பிய பதினெட்டாம் நாள். கரோல் அப்போது ஏழு மாத கர்ப்பிணி, விமானம் ஏறக் கூடாது. அதனால் அந்த டேப்லெட்டில்தான் தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். சாயங்காலம் ஜூலியட்டுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், சொல்லிவைத்தது போல, திரையில் கரோலின் முகம் பாதி திறந்த வாயோடு உறைந்து நின்றது.

வில்லியம் ஹாலுக்கு ஓடினார். மோடத்தில் சிவப்பு விளக்கு. பிளக்கைப் பிடுங்கினார், முப்பது எண்ணினார், சொருகினார். சிவப்பு. மறுபடி பிடுங்கினார்.

“ஏங்க...” என்றாள் ஜூலியட் உள்ளேயிருந்து.

“ஒரு நிமிஷம் ஜூலி. இப்ப வந்துடும்.”

“ஏங்க, இங்க வாங்களேன்.”

“இதோ, வந்துடுச்சும்மா.”

மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை. அசந்துவிட்டாள் என்று நினைத்தார். பதினோரு நிமிடம் கழித்துப் பச்சை விளக்கு வந்தபோது, பரீட்சையில் பாஸான பையன் மாதிரி உள்ளே ஓடினார் அந்த மனுஷன். ஜூலியட்டின் வலது கை கட்டிலுக்கு வெளியே நீண்டு, கதவைப் பார்த்துக் கிடந்தது. அவ்வளவுதான். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவள் ஒரு பெட்டியின் விளக்குக்காகத் தனியாகச் செத்துப்போனாள்.

கரோல் கேட்டபோது அவர் பொய் சொன்னார். “நான் பக்கத்துலதாம்மா இருந்தேன். மம்மி கையப் புடிச்சுட்டே இருந்தேன்.”

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். வில்லியம் பொருத்திப் பொருத்திச் சொன்னார். ஏனென்றால் கரோல் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிட்டு அதையே கேட்டாள். கதை கேட்டுத் தூங்கும் குழந்தை போல, ஒரு வார்த்தை மாறினாலும் திருத்தினாள். வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டிருந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கட்டைவிரலால் அவள் புறங்கையைத் தடவிக்கொண்டே இருந்தேன். காதோரம் அருள்நிறை மரியே ஜெபம் சொன்னேன். அவள் சிரித்தாள். கண்ணை மூடினாள். அவ்வளவுதாம்மா, பூ உதிர்ந்த மாதிரி. இதைச் சொல்லி முடிப்பதற்குள் லைன் மூன்று முறை அறுந்துபோகும். பிரசவத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அதுவரைக்குமாவது அவள் அறுபடாமல் கேட்கட்டும் என்றுதான் இந்தப் புது மோடத்தை வாங்கினார். அந்தப் பொய் ஒன்றில்தான் அவள் நின்றுகொண்டிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும்.

சார்ஜிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தார். ஏழு மணிக்கு அது அடித்தது. கரோலின் முகம் கண்ணாடியில் தெரிவது போல அத்தனை தெளிவாக வந்தது. நெற்றியில் ஒட்டிய முடி, தூக்கமில்லாத கண், பின்னால் டொரண்டோவின் காலை எட்டரை மணி வெயில்.

“டாடி! எவ்ளோ கிளியரா இருக்கீங்க!”

“புதுசும்மா. சொந்தமா வாங்கிட்டேன்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கண் திரையின் வேறொரு மூலைக்குப் போனது.

“மம்மி டேப்லெட்லயும் கால் போட்டிருக்கீங்களா?”

வில்லியத்தின் போனில் கரோலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் முளைத்திருந்தது. கறுப்பாக, உள்ளே எதுவும் இல்லாமல், அடியில் ஜூலியட்டின் பேரோடு.

“இல்லம்மா. அது... சார்ஜே இல்ல.”

“எனக்குத் தெரியுதே. உங்க ரூம். மம்மி... டாடி, மம்மி படுத்திருக்காங்க.”

ஐந்தாவது விளக்கு இப்போது நிற்காமல் துடித்தது.

“நீங்க அன்னைக்கு ரெக்கார்ட் பண்ணீங்களா?” கரோலின் குரல் உடைந்தது. “எங்கிட்ட சொல்லவே இல்லையே. ஐயோ மம்மி...”

வில்லியத்தின் கை மோடத்தின் பிளக்குக்குப் போனது. அந்தப் பதினோரு நிமிடம். ஆளில்லாத கட்டில் ஓரம். ஹாலைப் பார்த்து நீண்ட கை. எல்லாவற்றையும் அவள் பார்த்துவிடுவாள். வயிற்றில் பிள்ளையோடு பார்த்துவிடுவாள். இழுத்துவிட்டால் போதும். விரல்கள் பிளக்கைப் பற்றின. இழுக்க முடியவில்லை. இதே பிளக்கைத்தான் அன்றைக்கு நான்கு முறை இழுத்தார். இன்னொரு முறை அவளை அறுத்துவிட அவருக்கு மனசு வரவில்லை.

“ஏங்க...”

படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. ஒரு மூச்சு கழித்து, அதே ‘ஏங்க’ கையிலிருந்த போனிலும் கேட்டது.

இயற்பியல் வாத்தியாருக்கு அந்த இடைவெளியின் அர்த்தம் புரிந்தது. போனில் வந்தது கடல் கடந்து கனடாவுக்குப் போய்த் திரும்பி வந்த குரல். முதலில் வந்தது எங்கும் போகாதது, கதவுக்குப் பின்னால் இப்போதே பேசுவது. இது ரெக்கார்டிங் இல்லை.

“ஏங்க, இங்க வாங்களேன்.”

வாயைத் திறந்தார். ‘ஒரு நிமிஷம்’ என்பதைத் தவிர அந்த வாயில் வேறு சொல் எதுவும் இல்லாதது போலிருந்தது. அவர் சொல்வதற்கு முன்பே உள்ளே யாரோ பதில் சொன்னார்கள்.

“இங்கதான் இருக்கேன் ஜூலி. உன் பக்கத்துலதான் இருக்கேன்.”

வில்லியத்தின் குரல்.

ஒரு மூச்சு கழித்து, போனில் அதே குரல்.

“டாடி,” என்றாள் கரோல். அழுதுகொண்டே சிரித்தாள். “நான் நம்பல டாடி. மன்னிச்சுடுங்க. சும்மா எனக்காகச் சொல்றீங்கன்னு நெனச்சேன். நீங்க சொன்ன மாதிரியே... அதே வெள்ளச் சட்ட. கட்டைவிரலால தடவுறீங்க. மம்மி சிரிக்கிறாங்க டாடி.”

ஹாலில் நின்ற வில்லியம் நீலச் சட்டை போட்டிருந்தார்.

கதவுக்குப் பின்னால் அருள்நிறை மரியே ஆரம்பமானது. அவருடைய குரல். அவருடைய நிதானம். அவர் அவளுக்காக ஒருநாளும் சொல்லாத ஜெபம்.

இப்படியே விட்டுவிடலாம். அது அவருக்குத் தோன்றியது. உள்ளே என்ன இருந்தால் என்ன? மகளுக்கு ஆறுதல் கிடைத்துவிட்டது. செத்தவளுக்குக் கை கிடைத்துவிட்டது. அவர் சொன்னதெல்லாம் நடந்துவிட்டது, அவர்தான் அதில் இல்லை. பேசாமல் ஹாலிலேயே நின்றுவிட்டால் போதும். ஹாலில் நிற்பது அவருக்குப் பழக்கம்தானே.

“உங்க கை ஏங்க இவ்ளோ ஜில்லுன்னு இருக்கு?” என்றாள் ஜூலியட்.

அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. நாற்பது வருடத்துப் பழக்கத்தில், கால்கள் தாமாக நடந்தன.

ஹாலைத் தாண்டினார். கதவு வரைக்கும் பதினான்கு எட்டு. சாவி பூட்டிலேயே இருந்தது. நீலகிரித் தைலத்தின் வாசனை. அதற்கு அடியில் வேறு ஒன்று, பல நாள் திறக்காத பெட்டியின் வாசனை. சாவியைத் திருப்பினார்.

டேப்லெட்டின் வெளிச்சம் மட்டும்.

கட்டிலில் ஜூலியட். வற்றிப்போன அதே முகம். பாதி மூடிய கண். உதட்டில் சிரிப்பு. கட்டில் ஓரத்தில் ஒருவர். முதுகு தெரிந்தது. வெள்ளை அரைக்கைச் சட்டை. தோளில் ஜூலியட் தைத்துக் கொடுத்த கிழிசல். கழுத்தில் அவருடைய சுருக்கங்கள். பெருவிரல் அவள் புறங்கையில் போய்வந்தது. போய்வந்தது. கடிகாரம் மாதிரி, கொஞ்சமும் மாறாமல்.

“ஜூலி,” என்றார் வில்லியம், வாசலில் நின்று. “வந்துட்டேன்மா. நான் வந்துட்டேன்.”

ஜெபம் நின்றது.

ஜூலியட் கண்ணைத் திறந்தாள். வாசலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. கடைசியில் வந்துவிட்டாரே என்ற வெளிச்சம். பிறகு கண் மெதுவாகத் திரும்பியது. தன் கைக்கு. தன் கையைப் பிடித்திருந்த கைக்கு. அங்கிருந்து மேலே, வில்லியத்துக்குத் தெரியாத அந்த முகத்துக்கு.

சிரிப்பு போய்விட்டது.

கையை இழுத்தாள். இழுத்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

வில்லியம் ஓட நினைத்தார். காலை எடுத்து வைத்தார். கட்டில் அதே தூரத்தில் இருந்தது. இன்னொரு எட்டு. அதே தூரம்.

“டாடி, மம்மிக்கு வலிக்குது,” என்றாள் கரோல் கையிலிருந்த போனில். ஒரு மூச்சு கழித்து, கட்டிலின் கால்மாட்டில் இருந்த டேப்லெட்டிலும் அதையே சொன்னாள். “டாடி, கைய விடுங்க. டாடி, ப்ளீஸ், விட்டுடுங்க.”

அது விடவில்லை.