ஞானமேரியின் வில்

நஞ்சப்பன் காப்பியை வாயில் வைக்கிற நேரம் பார்த்துத்தான் ஊரில் எல்லோருக்கும் கஷ்டம் வரும். தருமபுரியில் பொருள் போனால் ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள், மானம் போனால் ஓய்வுபெற்ற அந்தப் போலீஸ் ரைட்டரிடம் வந்துவிடுவார்கள். அன்று வந்தவள் ஞானமேரி. வயலின் பெட்டியை மார்போடு அணைத்திருந்தாள். கூடவே அவள் கணவர் சவுரியப்பன். அவர் வேட்டியின் முழங்காலில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. "காலங்காத்தால பவுடர் எல்லாம் பலமா இருக்குது," என்று கிண்டல் செய்தார் சைக்கிள் கடை இன்னாசி. துப்பு என்று காதில் விழுந்தால் பஞ்சரைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வருகிற ஆள் அவர்.

மாலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் அவளுடைய கச்சேரி. வானொலியிலிருந்து ஒருவர் கேட்க வருகிறார். பிடித்துப்போனால் நிலைய வித்வான் வேலை. வாசிக்கப்போவது பதினான்கு எண்ணிக்கையுள்ள அட தாள வர்ணம், அதுவும் மூன்று காலத்திலும். முதல் காலம் யாரும் வாசிப்பார்கள். இரண்டாம் காலத்தில் வியர்க்கும். போட்ட தாளம் அப்படியே நிற்க, நாலு மடங்கு வேகத்தில் ஓடுகிற மூன்றாம் காலத்தைச் சுத்தமாக வாசிக்க ஜில்லாவில் அவளை விட்டால் ஆளில்லை.

"காலையில பொட்டியத் தொறந்து, வில்லைத் திருகி ஏத்தி இழுத்தேனுங்க. சத்தமே வரலை. குதிரை முடி பூரா எண்ணெய்," என்றாள்.

கம்பியின் மேல் இடது கை விரல் வழுக்கி ஓடத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வது வயலின்காரர்கள் வழக்கம். அதற்கென்று பெட்டியிலேயே ஒரு சின்ன சீசா இருக்கும். அந்த எண்ணெய் வில்லின் முடியில் பட்டால் கம்பியைப் பிடிக்காது. சீசா காலியாக இருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் பயனில்லை. முடி மாற்றச் சேலம் போக வேண்டும், இரண்டு நாள் ஆகும். சவுரியப்பனும் வயலின்காரர்தான், ஆனால் தன் வில்லைப் போன வாரமே சேலத்தில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

மிருதங்கம் மாரப்பன்தான் செய்திருப்பான் என்று அடித்துச் சொன்னார் அவர். நேற்று மாலை ஒத்திகையில் மூன்றாம் காலத்தில் மாரப்பன் தாளம் தவறியதை ஞானமேரி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாளாம். அவன் கத்திவிட்டுப் போனானாம். இன்னாசிக்கோ பாட்டுக்காரி தீர்த்தம்மாள் மேல் சந்தேகம். இந்த மேடை முதலில் அவளுக்கென்றுதான் பேச்சு. நேற்று மாலை சுருதிப்பெட்டி இரவல் கேட்டு அந்த வீட்டுக்கு அவள் வந்துமிருக்கிறாள்.

மாரப்பன் போன பிறகு என்ன செய்தாள் என்று நஞ்சப்பன் ஞானமேரியைக் கேட்டார்.

"அழுதுகிட்டே வில்லைப் பொட்டியில போட்டு மூடிட்டுக் கோயிலுக்குப் போயிட்டேனுங்க. திருகைத் தளர்த்தக்கூட இல்லை. ஜெபமாலை சொல்றப்பவும் அதே நெனப்பு. வூட்டுக்கு வந்ததும் அசதியில மறந்துட்டேன்."

வாசித்து முடித்ததும் முடியைத் தளர்த்தாவிட்டால் நாளடைவில் வில்லின் மரம் கெட்டுவிடுமாம். நஞ்சப்பன் ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்தார். மாரப்பனையும் தீர்த்தம்மாளையும் நாலு மணிக்கு ஞானமேரி வீட்டுக்கு அழைத்து வரும்படி இன்னாசியிடம் சொன்னார்.

நாலு மணிக்கு மாரப்பன் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தீர்த்தம்மாள் தன்னைப் போய்ச் சந்தேகப்படுவதா என்று புலம்பிக்கொண்டிருந்தாள். நஞ்சப்பன் எதையும் கேட்கவில்லை. எண்ணெய் பட்ட வில்லை விறைப்பாக ஏற்றி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, பெட்டியில் வைக்கச் சொன்னார். மாரப்பன் பொத்தென்று போட்டான். தீர்த்தம்மாள் பயந்து பயந்து வைத்தாள். சவுரியப்பனும் வைத்தார், ஆனால் வைப்பதற்கு முன் அவர் விரல்கள் தாமாகவே திருகுக்குப் போய் நாலு சுற்றுத் தளர்த்திவிட்டன.

"நேத்து சாயங்காலம் விறைப்பா வெச்ச வில்லு, காலையில தளர்ந்திருந்துது. அதனாலதான் இந்தம்மா திருகி ஏத்துச்சு," என்றார் நஞ்சப்பன் நிதானமாக. "எண்ணெய் பூசினவரு தளர்த்தியும் வெச்சிருக்காரு. கெடுக்க வந்த எடத்துலயும் அந்தக் கைக்குப் பழக்கம் போகலை. வயலின்காரங்க கை. இங்க இருக்கிற மத்த ரெண்டு பேரும் வயலினைத் தொட்டவங்க இல்லை."

பிறகு சவுரியப்பன் பக்கம் திரும்பினார்.

"வில்லு சேலத்துல இருக்குதுன்னீங்க. அப்ப காலையில வேட்டியில ரோசின் தூள் எப்படி வந்துது? முடியில தேய்க்கிறது, வாசிச்சாத்தானே உதிரும்?"

இன்னாசி தலையில் அடித்துக்கொண்டார். பவுடர் என்று சிரித்ததே அவர்தான்.

சவுரியப்பன் உடைந்துபோனார். "ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் அந்த வர்ணத்தை ஆரம்பிச்சோம். அவளுக்கு வந்துச்சு, எனக்கு வரலை. இன்னிக்கு விடியக்காலை ஏரிக்கரையில ஒக்காந்துகூடப் பார்த்தேன், வரலை. பஜார்ல என் பேரே போச்சுங்க, ஞானமேரி வூட்டுக்காரருங்கறாங்க. வயிறு எரிஞ்சுது. பூசிட்டேன்."

ஞானமேரி அவரைப் பார்க்கவே இல்லை. அவருடைய வில் எங்கே என்று மட்டும் கேட்டாள். அவர் பரண்மேல் ஏறி, சாக்குக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மாரப்பனிடம் நேற்றுப் பேசியதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, மூன்றாம் காலத்தை இன்னொரு தடவை பார்த்துவிடலாமா என்று கேட்டாள். அவன் மிருதங்கத்தை எடுக்க ஓடினான்.

மாலையில் அந்த வில் மூன்று காலமும் ஓடியது. மூன்றாம் காலத்தில் மாரப்பன் ஓர் எண்ணிக்கைகூடத் தவறவில்லை. வானொலிக்காரர் குறிப்பெழுதுவதை விட்டுவிட்டுத் தொடையில் தாளம் போட்டார். கைதட்டல் ஓய்ந்ததும் அவளை வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

ஞானமேரி மேடையின் ஓரத்துக்கு வந்தாள். அங்கே நின்றிருந்த கணவரிடம், விறைப்பு இறங்காத வில்லை நீட்டினாள்.

"தளர்த்தி வெச்சுக்குங்க. எந்த நெலமையிலயும் உங்களுக்கு அது மறக்காது."

அவள் வானொலிக்காரரைப் பார்க்கப் படியிறங்கிப் போனாள். சவுரியப்பன் கையில் வில்லோடு நின்றார். அன்று அவர் விரல் திருகுக்குப் போகவில்லை.