க்வீனியின் வால் கூண்டு

ஆல்ஃப் தன் சைக்கிளை லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் சக்கரத்தில் சாய்த்துவிட்டு அண்ணாந்து பார்த்தான். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மூடுபனியில் பெட்ரோல் நாற்றம் ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுதான் க்வீனியா? இந்தக் கிழவியோட வாலுலதான் இன்னிக்கு நான் உட்காரணுமாம், வின்னி."

ஆக்சிஜன் குழாயை முடுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக் வின்னியின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. வருகிற சனிக்கிழமை இருவருக்கும் கல்யாணம்.

"வேற விமானத்துக்கு மாத்தச் சொல்லிக் கேளு ஆல்ஃப்."

"கேட்டா கோழைன்னு முத்திரை குத்தி அனுப்பிடுவாங்கடி. பொண்டாட்டியா வரப்போறவ பயப்படறான்னு சொல்லவா?"

க்வீனியின் வரலாறு விமானப்படைத் தளத்தில் எல்லாருக்கும் தெரியும். வால் கூண்டில் துப்பாக்கியோடு உட்காருகிறவன் தனியாள். மேலே ஆக்சிஜன் நின்றால் சத்தமில்லாமல் தூங்கிச் செத்துப்போவான். அதனால்தான் விமானி இன்டர்காமில் "வாலு?" என்று அடிக்கடி கூப்பிடுவார். "இருக்கேன்" என்று பதில் வரவேண்டும்.

க்வீனியின் முதல் பயணத்தில் சிரில் என்பவன் வாலில் இருந்தான். பதில் வரவில்லை. பயல் தூங்குகிறான், திட்டு வாங்கப்போகிறான் என்று கூட்டாளி ஒருவன் சிரிலின் குரலில் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டான்.

விளையாட்டுக்குத்தான்.

இறங்கியபோது சிரில் விறைத்துக் கிடந்தான்.

அதற்குப் பிறகு அதே கூண்டில் இன்னும் இரண்டு பேர் அப்படியே செத்துப்போனார்கள். குழாயில் பழுதில்லை. கூண்டையே கழற்றி வேறு மாட்டிப் பார்த்தார்கள். செத்தவர்களின் குரலில் "இருக்கேன்" மட்டும் தரையிறங்கும்வரை வந்துகொண்டே இருந்ததாம்.

"'இருக்கேன்'னு சொல்லித் தொலைக்காதே. 'சனிக்கிழமை'ன்னு சொல்லு," என்றாள் வின்னி. விமானி ஹெஸ்கெத்திடமும் போய் நின்றாள். "வேற பதில் வந்தா உடனே ஆளை அனுப்பிப் பாருங்க கேப்டன்."

"சரிம்மா. மாப்பிள்ளையைச் சேதாரம் இல்லாம கொண்டாந்து சேர்க்கறேன், போதுமா?"

மறுநாள் விடிந்தபோது க்வீனி ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து இறங்கியது.

ஹெஸ்கெத் சிரித்துக்கொண்டே குதித்தார். "உன் ஆளு தொல்லை தாங்கலம்மா! நான் கூப்பிடாமலே சனிக்கிழமை, சனிக்கிழமைன்னு ஒரே புலம்பல்!"

கூப்பிடாமலேயா?

வின்னி ஓடினாள்.

கூண்டின் கதவுகளை நெம்பித் திறந்தார்கள். ஆல்ஃபின் இமைகளில் பனி பூத்திருந்தது. உதடுகள் நீலம்.

அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வின்னி மட்டும் கூண்டுக்குள் தவழ்ந்து போனாள். குழாய் அவள் மாட்டியது. தப்பு தன்னுடையதா என்று தெரிந்தே ஆகவேண்டும்.

ஆக்சிஜன் முகமூடியை முகத்தில் வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். மூச்சு தாராளமாக வந்தது.

இன்ஜின் அணைந்தாயிற்று. மின்சாரமும் இல்லை. ஆனாலும் கொக்கியில் தொங்கிய ஆல்ஃபின் தலைக்கவசத்துக்குள் இன்டர்காம் கரகரத்தது.

"வின்னி?"

ஆல்ஃப்தான். அதே கிண்டல் குரல்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வின்னி, வரியா?"

உதட்டைக் கடித்தாள். ரத்தம் கரித்தது. பதில் சொல்லவே கூடாது.

அவள் சொல்லவில்லை.

தலைக்கவசத்துக்குள் அவளுடைய குரலே கொஞ்சலாகச் சிரித்தது.

"வந்துட்டேன் ஆல்ஃப். கதவைச் சாத்திக்கறேன்."

முதுகுக்குப் பின்னால் கதவுகள் மெல்ல நகர்ந்தன.